கணிதமும் மொழியும் ஒருங்கே கற்கலாகாதா?

கொல்லிமலைக் குண்டனி நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் கணிதம் படிக்க வந்தவன் நான். என் கையில் இலக்கண நூலைக் கண்டால் நண்பர்கள் நகைக்கின்றனர். “கணக்குப் படிப்பவனுக்குத் தொகைநிலைத் தொடர் எதற்கடா?” என்கின்றனர். கேள்வி நியாயமானதே. விடை கூற முயல்கிறேன்.

என் பாட்டி சாமையை வள்ளத்தால் அளக்கும்போது ‘அரைக்கால்’ என்பார். பள்ளியில் அதையே 1/8 என்றனர். அரையும் காலும் கூடினால் முக்கால் அன்றோ? இங்கே அவை கூடவில்லை, பெருகுகின்றன. காலில் அரை என்பது பொருள். ஆனால் மாகாணியைப் பாருங்கள். மா 1/20, காணி 1/80. மாகாணி என்பது உம்மைத்தொகை. மாவும் காணியும் என விரியும். கூட்டினால் 5/80, அதாவது 1/16. பழந்தமிழர் மாகாணிக்கு வைத்த அளவும் அதுவே! கணிதம் மட்டும் கற்றவன் 1/16 என மனப்பாடம் செய்வான். தமிழ் மட்டும் கற்றவன் தொகையை விரித்து எழுதி மதிப்பெண் பெறுவான். 16, 20 என்னும் இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 80 என்பதும், காணி அந்த 80-இல் ஒன்று என்பதும் இருவர் கண்ணிலும் படுவதில்லை.

இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கெல்டிக் மொழிகளுள் ஒன்றான வெல்ஷ் மொழியின் பழைய எண்ணுப் பெயர்களில் நாற்பது ‘இரண்டு இருபது’. பதினெட்டு ‘இரண்டு ஒன்பது’. அம்மொழிகளின் ஒப்பிலக்கணத்தைச் சாய்ஸ் என்னும் ஜெர்மானியர் 1853-இல் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், 1856-இல், அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் பயின்ற கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அந்தக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இரு பாடங்களைச் சம முதன்மையாகக் கற்றுப் பட்டம் பெறும் முறை இன்று உண்டு.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடாதா என்பர் சிலர். நிலுவைத் தாள்கள் உள்ளவருக்கு அது மெய்யே. அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் கிராஸ்மன் என்பாரை நினையுங்கள். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1844-இல் அவர் எழுதிய நூல் இன்றைய திசையன் கணிதத்திற்கு வழிகோலியது; அவரே ரிக்வேதத்திற்கு அகராதியும் தொகுத்தார்.

நமக்கோ பகுதி ஒன்றின் தமிழ் நான்கு பருவங்களோடு முடிந்துவிடுகிறது. கணித மாணவனுக்குத் துணைப்பாடமாக இயற்பியல் உண்டு, புள்ளியியல் உண்டு, தமிழ் இல்லை. தமிழ் மாணவனுக்குக் கணிதமும் இல்லை. விரும்புவோர் மட்டுமேனும் எடுத்துப் படிக்க இவ்விரண்டிற்கும் வழி செய்ய வேண்டும் என்று கல்லூரிப் பேரவை பாடத்திட்டக் குழுவிற்கு எழுதலாம். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்தை நான் இடுகிறேன். நகைத்த நண்பர்களுள் இருவர் அடுத்ததாக இட இசைந்துள்ளனர்.