டீசல் டேங்க்கில் தண்ணீர்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்கிறோம், வலையைச் சீர்செய்கிறோம். டீசல் டேங்க்கைத் திறந்து பார்க்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை. தடை முடிந்து கடலுக்குப் போன படகு நடுவழியில் எஞ்சின் இருமி நின்றுவிட, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவருவதை எல்லாத் துறைமுகத்திலும் பார்க்கலாம். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றியதும் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும்.

படகு உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் கடல் தொழிலாளர்களும் சேர்ந்த எங்கள் சங்கம் இதில் எடுத்திருக்கும் நிலை இது. டேங்க்கின் அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்து எடுத்தே ஆக வேண்டும். அதைக் கரைத்துவிடும் என்று விற்கப்படும் மருந்துகளை உறுப்பினர்கள் வாங்க வேண்டாம். வடித்ததைத் துறைமுகத் தண்ணீரில் ஊற்றக் கூடாது. அதற்கான செலவைத் தொழிலாளியின் பங்கில் பிடிக்கக் கூடாது. கடைசி இரண்டிலும் எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பு உண்டு.

முதலில், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கேட்டால் “டேங்க் வேர்க்குது” என்பதுதான் பதில். பாதி காலியான டேங்க்கில் பகல் சூட்டில் காற்று விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஈரம் தகட்டில் படிந்து வழியும். உண்மைதான். ஆனால் எவ்வளவு? இரண்டாயிரம் லிட்டர் டேங்க்கில் பாதி காலி என்று வைத்துக்கொள்வோம். பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால், டீசல் சுருங்குவதையும் சேர்த்து, உள்ளே வருவது சுமார் 40 லிட்டர் காற்று. நம் கடலோரக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிராம் நீர்தான் இருக்கும். அப்படியானால் ஒரு இரவில் உள்ளே வருவது ஒரு கிராம் அளவு. தடைக்காலம் முழுவதற்கும் சேர்த்தால் அரை டம்ளர் தேறாது.

வாளிக் கணக்கில் வடிந்தால் அது வேர்வை அல்ல. மேல்தளத்தில் டீசல் ஊற்றும் வாயின் மூடியில் ரப்பர் வாஷர் வெடித்துப் போயிருக்கும். தளம் கழுவும் தண்ணீரும் அலையும் மழையும் அதன் வழியாகவே இறங்கும். காற்றுக்குழாய் குட்டையாக, வாய் மேல்நோக்கி இருக்கும். இல்லாவிட்டால் நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைநீர் தேங்கி, இரவில் பேரல் குளிரும்போது மூடி இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். பேரலைச் சாய்த்து வைத்தால் போதும், இது நிற்கும். சில நேரம் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்தே வரும். இத்தனை வழியையும் திறந்து வைத்துவிட்டு வேர்வையைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அதற்காக அந்த அரை டம்ளரை அலட்சியம் செய்துவிடவும் முடியாது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளரும். அவை குடியிருப்பது தண்ணீரில், தின்பது டீசலை. அவற்றின் கழிவு அமிலம் இரும்புத் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். கறுப்புக் கொழகொழப்பு ஃபில்டரை அடைக்கும். இதற்கு நீர் தேங்காமல் இருப்பதே மருந்து.

தடைக்காலத்தில் டேங்க்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா என்று எங்கள் கூட்டத்தில் காரசாரமாகப் பேசப்பட்டது. நிரப்பினால் பணம் இரண்டு மாதம் முடங்கும், திருட்டு பயமும் உண்டு என்றார்கள் ஒரு சாரார். இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்ட முடிவு: விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பு, அல்லது அடியோடு வடித்துத் துடைத்துக் காய வை. பாதியில் விடாதே.

தண்ணீர் டீசலைவிடக் கனம். டீசலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 820 கிராம் முதல் 845 கிராம் வரை. கடல்நீர் 1,025 கிராம். அதனால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எஞ்சினுக்குப் போகும் உறிஞ்சுகுழாயின் வாய் அடித்தட்டிலிருந்து 25 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடித்தட்டு இரண்டு சதுர மீட்டர் என்றால், 50 லிட்டர் தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் அங்கே கிடக்க முடியும். துறைமுகத்தில் எஞ்சின் ஓட்டிப் பார்த்தால் சுத்தமாக ஓடும். கடல் எழும்பி, படகு உருளும்போதுதான் அந்தத் தண்ணீர் கலங்கிக் குழாய்க்குள் ஏறும். எஞ்சின் கட்டாயம் வேண்டிய நேரத்தில் நிற்கும். பாக் நீரிணையில் இரவில் அப்படி நின்ற படகு நீரோட்டத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வடிக்கும் முறையில் அவசரம் உதவாது. படகு அசையாமல் ஓர் இரவு நிற்கட்டும். மறுநாள் அளவுகோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி இறக்கினால், நிறம் மாறிய உயரம் வரை தண்ணீர். டேங்க்கின் எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, வளையாத குழாயைக் கைப்பம்புடன் பொருத்தி அடித்தட்டைத் தொடும்படி இறக்கி, கண்ணாடிப் புட்டியில் கோடு இல்லாத தெளிந்த டீசல் வரும்வரை எடுக்க வேண்டும். அதன்பின் ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து, அடுத்த நாள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஆள் இறங்கும் அளவு பெரிய டேங்க் உள்ள தங்குகடல் படகுகளில், காற்றோட்டம் செய்யாமல், வெளியே ஒருவர் கயிற்றுடன் நிற்காமல் எவரையும் உள்ளே இறக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. புதிதாகக் கட்டும் படகுகளில் டேங்க்கின் தாழ்ந்த முனையில் ஒரு சிறு குழியும், வால்வும், அதன் வாயில் திருகு மூடியும் இருக்க வேண்டும் என்று படகு கட்டுவோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். தண்ணீரை டீசலோடு பால்போலக் கலக்கவைக்கும் திரவங்கள், வாட்டர் செப்பரேட்டர் செய்யும் வேலையையே கெடுக்கின்றன. கலந்த தண்ணீர் ஃபில்டரைக் கடந்து பம்புக்கும் நாசிலுக்கும் போகிறது. நாசில் முனையின் வெப்பத்தில் அது ஆவியாக வெடித்து முனையையே உடைக்கும். சிலர் ஸ்பிரிட் ஊற்றுகிறார்கள். சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி விடும் பொருளை எஞ்சின் அறையில் இருக்கும் டேங்க்கில் ஊற்றுவதை எங்கள் சங்கம் கண்டிக்கிறது. பூஞ்சைக்கொல்லிகளுக்கு மட்டும் ஓரளவு இடம் உண்டு, அதுவும் தண்ணீரை வடித்த பிறகு.

வடித்தது எங்கே போவது? இப்போது பெரும்பாலும் எஞ்சின் அறை அடித்தளத்துக்கும், அங்கிருந்து பம்ப் வழியாகத் துறைமுகத்துக்கும் போகிறது. எண்ணெய் டேங்க் சுத்தம் செய்வதில் வரும் கசடும் எண்ணெய் கலந்த கழுவுநீரும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கப்பல்களும் அதில் அடக்கம். சட்டம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி வளரும் குஞ்சுமீன்தான் நாளை நம் வலைக்கு வர வேண்டியது. ஆனால் “கொட்டாதே” என்று மீனவனிடம் மட்டும் சொல்லிவிட்டு, கொட்டுவதற்கு ஓர் இடம் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை. ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும், இறங்குதளத்திலும் எண்ணெய்க் கழிவுநீர் வாங்கும் மூடிய தொட்டி வேண்டும். அதை உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை மீன்வளத் துறை ஏற்க வேண்டும். தொட்டி வரும்வரை உறுப்பினர்கள் மூடியுள்ள பேரலில் சேர்த்து வைக்க வேண்டும்.

டேங்க் சுத்தம் செய்யும் செலவை டீசல், ஐஸ் கணக்கோடு பொதுச் செலவில் எழுதும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். வாஷர் மாற்றுவதும் மாற்றாமல் விடுவதும் உரிமையாளர் கையில் இருக்கிறது. அதன் விலையை வலை இழுப்பவர் தருவது முறையல்ல. உரிமையாளர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. பெரும்பான்மை முடிவாகவே இதை அறிவிக்கிறோம். டீசலே கெட்டு வந்து படகு திரும்பினால் நட்டம் வேறு கணக்கு. அது விற்றவர் பொறுப்பு.

அதை நிரூபிக்க வழி வேண்டும் என்பதால், மீனவர்களுக்கு வரிவிலக்கு டீசல் விற்கும் பங்க்குகளில், அன்றைய விற்பனை தொடங்கும் முன் படகு ஓட்டுநர்கள் பார்க்க, நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் காட்டும் பசை தடவிய கோலை இறக்கிக் காட்ட வேண்டும் என்று கோருகிறோம். அளவைப் பதிவேட்டில் எழுதி ஓட்டுநர் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் பங்குக்கு, உறுப்பினர் படகுகள் டீசல் பிடிக்கும் நாளில் ஒரு புட்டி மாதிரி எடுத்து, தேதி எழுதி, அந்தத் தங்கல் முடியும்வரை கரையில் வைத்திருக்கும்.