நான்காம் ஆண்டின் விலை

எமது கல்லூரியின் விழா மலருக்கு யாதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, பழைய மாணவர் பலரும் எழுதுவதுபோலப் பள்ளிநாட்களின் இனிய நினைவுகளை எழுதவே முதலில் எண்ணினோம். ஆயின், அண்மையில் எமது அலுவலக மேசை முன் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. அதனைக் கூறி, அதிலிருந்து பிறந்த கருத்தொன்றையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்கலைக்கழகமொன்றின் கலைப்பீட அலுவலகத்தில் சிறப்புப் பட்டக் கற்கைநெறிக்குரிய பதிவேடுகளைப் பேணுவது எமது தொழில். விரிவுரை நிகழ்த்துவோர் வேறு. ஆய்வை வழிநடத்துவோர் வேறு. எமக்கு உரியன புள்ளிப் பட்டியலும், விண்ணப்பப் படிவமும், பீடச்சபைக்குச் செல்லும் அறிக்கையும், இறுதித் திகதியுமே. எந்த மாணவர் எந்தப் பாடத்தைச் சிறப்பாகக் கற்கத் தகுதி பெற்றார் எனக் கணித்து, துறைத்தலைவர்களின் தெரிவைப் பெற்று, சபையின் அங்கீகாரத்துக்கு அனுப்புகின்றோம். பட்டியலில் ஓர் இலக்கம் இடம்மாறினால் ஒரு பிள்ளையின் வாழ்வே திசைமாறிவிடும். ஆதலால் எந்தப் பட்டியலையும் மும்முறை ஒப்புநோக்காது நாம் கையொப்பத்துக்கு அனுப்புவதில்லை.

பொதுப் பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள். சிறப்புப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள். வேறுபாடு ஓர் ஆண்டே எனினும் அவ்வோராண்டு பெரிது. அதுகாறும் பல பாடங்களைத் தொட்டுச் சென்ற மாணவன் அப்பொழுதுதான் ஒரு பொருளில் ஆழ்ந்து, தானே ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்கின்றான். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கும் உயர் ஆய்வுப் பட்டங்களுக்கும் அதுவே வழமையான வாயில். ஆழ்ந்து கற்பதற்குக் காலம் வேண்டும். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்தர், பல்லாண்டு ஆராய்ந்தே யாழ் நூலை ஆக்கினார். அது அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார் என்பதை நாம் அறிவோம்.

இந்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரலுக்கும் எமது அயலுக்கும் தொடர்புண்டு. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மைந்தரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களே, 1906ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் வாயிலாக அக்கோரிக்கையை முன்னின்று நடத்தியவர். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் எழுந்தது; ஆயின் அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளையே எழுதினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தபொழுது அதனைக் காண அருணாசலனார் இல்லை; 1924இலேயே அவர் காலமாகிவிட்டார். 1945இல் கல்வி இலவசமாயிற்று. இன்று எம் மாணவர் உள்நாட்டிலேயே, கட்டணமின்றி, சிறப்புப் பட்டம் பெறலாம். வாயில் திறந்தே இருக்கின்றது. எனினும் சிலர் வாயில்வரை வந்து திரும்பிப் போகின்றனர்.

அவ்வாறு திரும்ப முற்பட்ட மாணவனொருவன் ஒருநாட் காலை எம் முன் வந்து நின்றான். முகத்துவாரத்துப் பிள்ளை, களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தில் மீன்பிடித் தொழிலால் வாழும் குடும்பம். மூன்றாம் ஆண்டில், புவியியலிற் சிறப்பாகப் பயின்றுகொண்டிருந்தான். சிறப்பு நெறியிலிருந்து விலகிப் பொதுப் பட்டத்துக்கு மாற அனுமதி கோரி நான்கு வரியிற் கடிதம் எழுதியிருந்தான். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்ற இரு சொற்களே இருந்தன.

விதிப்படி நாம் செய்யவேண்டியது எளிது. திகதி முத்திரையைக் குத்தி, துறைத்தலைவருக்கு அனுப்பிவிடலாம். முத்திரையைக் கையிலெடுத்தபின், ஏனோ அதனைக் கீழே வைத்துவிட்டு அவனை இருக்கச் சொன்னோம்.

"அப்பாவுக்கு இனிக் கடலுக்குப் போக ஏலாது, சேர். தம்பியும் தங்கச்சியும் படிக்கினம். மூண்டு வருஷத்தோட முடிச்சால் நான் ஒரு வேலைக்குப் போகலாம்," என்றான். அழவில்லை, கணக்குச் சொல்பவனைப் போலச் சொன்னான். அவன் புள்ளிகளை எடுத்துப் பார்த்தோம். அவ்வாண்டு அப்பாடத்திற் பயின்றோருள் முன்வரிசையில் இருந்தான். ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு எவ்வளவு குறைகின்றது என வினவினோம். அவன் சொன்ன தொகை, எம்மிற் சிலர் ஒரு திருமண வரவேற்புக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் தொகையிலும் குறைவு.

விலகுவதற்கான இறுதித் திகதிக்கு இன்னும் இரு வாரம் இருந்தது. கடிதத்தை முத்திரையிடாமலே மேசை இழுப்பறையில் வைத்தோம். அவனுடைய விரிவுரையாளரோடு பேசினோம். பின், புறக்கோட்டையில் வணிகம் நடத்தும் எமது பழைய மாணவ நண்பரொருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் நீண்ட விளக்கம் கேட்கவில்லை. மாலை வேளைகளிற் கணக்கெழுத ஒருவர் தேவை என்றும், குறையும் தொகையைத் தாம் தருவதாகவும் கூறினார். பிற்பகல் மூன்று மணிக்கு மாணவன் மீண்டும் வந்தான். கடிதத்தைத் திரும்பப் பெற்று, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். பதிவேட்டில் அவன் பெயர் இருந்த வரியில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்றும் எழுதப்படாத அவ்வரியே எமது தொழில் வாழ்வில் நாம் கண்ட பெரும்பேறு.

அன்று மாலை மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம் என்பது மெய். ஆயினும் வழியிற் பிறிதொரு நினைவு எம்மை வருத்தியது. 'குடும்பச் சூழ்நிலை' என்ற அதே இரு சொற்களோடு இதற்கு முன்னும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றை எழுதியோரை இருக்கச் சொல்லி நாம் கேட்டதில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டோம். விதியை மீறவில்லை, எனினும் கடமையைச் செய்தோம் என்றும் துணிந்து சொல்ல முடியவில்லை.

எனவே எமது கருத்து இது. ஒரு மாணவனின் நான்காம் ஆண்டு, ஓர் அலுவலரின் மனநிலையிலும், தொலைபேசியிற் கிடைத்த ஒரு நண்பரின் தாராளத்திலும் தங்கியிருத்தல் தகாது. அதனை எமது பழைய மாணவர் சங்கம் தன் பொறுப்பாக ஏற்றல் வேண்டும். மகாபொல உதவித்தொகை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. ஆயின் அது மாணவனின் போக்குவரத்துக்கும் உணவுக்குமே போதாத தொகை. அவன் உழைப்பை எதிர்பார்த்திருக்கும் வீட்டை அது தாங்காது.

இதனை மறுப்போரும் உளர். பொதுப் பட்டம் பெற்றோர் தாழ்ந்தவரா என்பர் சிலர். அல்லர், தாமே விரும்பி அதனைத் தெரிந்தோர்க்கு அதுவே நன்று. விருப்பமும் திறமையும் இருந்தும் வறுமையால் அதற்கு மாறுவோரைப் பற்றியே பேசுகின்றோம். கல்லூரியில் இன்று பயிலும் ஏழைச் சிறுவர்க்கன்றோ முதலில் உதவவேண்டும் என்பர் வேறு சிலர். அக்கூற்றில் நியாயம் உண்டு. அவ்வுதவியிற் கைவைக்குமாறு நாம் கேட்கவில்லை. நாம் வேண்டுவது எல்லை உடையது: ஆண்டுக்கு ஒரு மாணவன், பன்னிரண்டு மாதம். முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவர் பன்னிருவர் ஆளுக்கு ஒரு மாதத்தை ஏற்பின் அது நிறைவேறும்.

இரண்டொரு வேண்டுகோளும் உண்டு. உதவி பெறுவோனின் பெயரை மேடையில் வாசித்தல் வேண்டா, புகைப்படமும் வேண்டா. கடனாகவும் கொடுத்தல் வேண்டா. தான் உழைக்கத் தொடங்கிய பின், இன்னொருவனுக்கு ஒரு மாதத்தை அவன் ஏற்பானாயின் அதுவே போதும்.

விழாக்கள் வரும், போகும். பந்தலைப் பிரித்த பின்னும், 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிய கடிதத்தோடு ஒரு பிள்ளை எங்கேனும் ஒரு மேசை முன் நிற்பான். அவனை இருக்கச் சொல்ல எமது கல்லூரியின் மக்கள் இருக்கின்றனர் என்ற நிலை உண்டாகுக.