மிஞ்சிய உரம்

குடகு மலையின் காபித் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தைக் கண்டிருப்பீர்கள். அதன் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே வீட்டுத் தோட்டங்களில் பூத்துக் குலுங்கும் கிரெவில்லியா புதர்ச்செடிகளும் அதே பேரினத்தைச் சேர்ந்தவையே. வறட்சியைத் தாங்கும் இவற்றுள் பல, நாம் பரிவோடு இடும் உரத்தினாலேயே மடிவதுண்டு. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் தோன்றியவை ஆதலால், இவற்றின் கொத்துவேர்கள் கிடைப்பதையெல்லாம் உறிஞ்சும். மிஞ்சினாலும் நிறுத்த அறியா. இலைகள் கருகும். அதைப் பசியென்று எண்ணி மேலும் உரமிடுகிறோம், செடி பட்டுப்போகிறது.

ஆகவே சூப்பர் பாஸ்பேட்டும் கோழி எருவும் வேண்டாம். நல்ல வெயில், நீர் தேங்காத மண், முதலாண்டில் அளவான நீர், பூத்து முடிந்தபின் நுனிக் கத்தரிப்பு ஆகியவை போதும்.