கடைசிப் பக்கத்தையும் மெய்ப்பாளரிடம் காட்டுங்கள்

கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி நூற்றாண்டு மலர், சொந்தச் செலவில் போடும் கவிதைத் தொகுப்பு என்று ஜொகூரில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று அச்சேறிக்கொண்டே இருக்கிறது. தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவற்றுக்கு மெய்ப்புப் பார்ப்பதுதான் என் வேலை. "சார், நாளைக் காலையில பிரிண்டிங். ஒரு பார்வை பார்த்துக் கொடுங்க" என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். வேலை முடிந்து வந்து இரவில் கண்விழித்து மலர் தயாரிக்கும் அந்தக் குழுவினர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: ஒரு பார்வை போதாது. மெய்ப்புக்கு நாளும் ஒதுக்க வேண்டும், பணமும் ஒதுக்க வேண்டும்.

ஒரு மலரில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது கட்டுரைகள் அல்ல, நன்கொடையாளர் பட்டியல். ரசீதுகளில் பெயர்கள் அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் இருக்கும். தட்டச்சு செய்பவர் அதைத் தமிழாக்கும்போது வள்ளி 'வல்லி' ஆகிவிடுவார், பழனி 'பலானி' ஆகிவிடுவார். ஒருவர் பட்டியலை உரக்க வாசிக்க, இன்னொருவர் ரசீதைப் புரட்டி ஒப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த வீட்டுக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும். ஐம்பது வெள்ளி கொடுத்த பாட்டி மலரை வாங்கியதும் முதலில் தேடுவது தன் பெயரைத்தான். ஒரு கோயிலில் தலைவர் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போய், இளைஞர்கள் விடிய விடிய ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கருக்கு ஆன செலவில் மெய்ப்பாளருக்குக் கொடுத்திருக்கலாம்.

கணினியில் திருத்தி இருக்கிறதே என்பார்கள். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி இரண்டையும் நானும் பயன்படுத்துகிறேன், நல்ல உதவி. ஆனால் 'மரம் நடுவோம்' என்பது 'மறம் நடுவோம்' என்று வந்தால், சொல்லளவில் அதில் பிழையே இல்லை. படித்துப் பொருள் காணும் மனிதர்தான் அங்கே நிற்பார்.

பிழை நுழையும் பெரிய வாசல் அச்சகத்தில் இருக்கிறது. இங்கே பக்கம் கட்டுபவர் பல நேரம் தமிழ் படிக்கத் தெரியாதவர். இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். நாம் அனுப்பிய கோப்பில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். பக்கம் கட்டுபவர் கண்ணுக்கு எல்லாம் அழகான கோலம்தான்.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், தமிழ் அதிகாரத்துவ மொழி. அங்கேயே 2014இல் லாவ் பா சாட் உணவங்காடிக்கான வழிகாட்டிப் பலகையில், பெயரின் கடைசிப் பகுதியான 'சாட்' ஆங்கிலச் சனிக்கிழமைச் சுருக்கம்போல் மொழிபெயர்க்கப்பட்டு 'சனி' என்று வந்தது. 2017இல் தேசிய தின அணிவகுப்புக் கையேட்டில் தமிழ் வாசகத்தின் எழுத்துகள் சிதறிப்போய், ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. அந்த அரசாங்கத்துக்கா பணமில்லை? இறுதிப் படியைத் தமிழ் தெரிந்த ஒருவர் நிதானமாகப் பார்த்திருந்தால் இரண்டும் வெளியே வந்திருக்காது.

அதனால் மெய்ப்பாளரை இரண்டு முறை அழையுங்கள். எழுத்து வேலை முடிந்து, பக்கம் கட்டும் முன் ஒருமுறை. கட்டி முடித்தபின், தாளில் அச்செடுத்து இன்னொரு முறை. இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி இரவில் வந்து சேரும் பிரமுகரின் வாழ்த்துரையில்தான் பிழைகள் குவிகின்றன. யார் அனுப்பியதாக இருந்தாலும் அதுவும் மெய்ப்பாளர் கையைத் தாண்டிப் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் ஆள் வைக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் போகும் கூட்ட அறிவிப்பைப் பக்கத்து வீட்டு ஆசிரியை பார்த்தால் போதும். பள்ளிப் பயிற்சி நூல், மருந்துக் குறிப்பு, விற்பனைக்கு வரும் புத்தகம், கோயில் சுவரில் பதிக்கும் கல்வெட்டு ஆகியவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். கருங்கல்லில் வெட்டிய பெயரின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.

இந்த ஆண்டு மலர் போடப்போகும் குழுக்களிடம் என் வேண்டுகோள்: அச்சகத்தில் விலை கேட்கும் அன்றே வரவுசெலவில் மெய்ப்புக்கென்று ஒரு வரி சேருங்கள். கட்டுரைகளை அச்சுக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். மெய்ப்பாளர் கையெழுத்திட்ட படி கைக்கு வரும்வரை அச்சகத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.