உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்



போன வாரம் கடலூரில் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். "டீச்சர், நாய்க்குட்டி வாங்கியிருக்கேன். சாப்பிடும்போது கிட்டப் போனா உறுமுது. நாலு சாத்து சாத்தினாத்தான் அடங்கும்போல" என்றான். பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை. சிதம்பரம் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவனிடம் மட்டும் சொன்னால் போதாது, எல்லாருக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2025ஆம் வருஷம் முழுக்க நாய்ப் பேச்சுதான். டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நம் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் தெருநாயை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் நம் வீட்டுக்குள் இருக்கிற நாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். காரணம் இருக்கிறது.

எங்கள் மணி உங்களில் பலருக்குத் தெரியும். கடலூர் முதுநகரில் ஒரு மாணவி வீட்டிலிருந்து வந்த நாட்டு நாய். குட்டியாக இருந்தபோதே சோற்றுத் தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமும். எனக்குப் பொறுக்கவில்லை. சோறு போடுகிற கையைப் பார்த்தே உறுமலா? செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு. அதற்கும் அடங்காவிட்டால் குச்சி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதை வேதமாக நம்பியவள் நான். மூன்று மாதத்தில் உறுமல் நின்றுவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

போன ஆனித் தேருக்கு வீடு நிறைய ஆட்கள். என் தங்கை பேத்தி, ஏழு வயசு, கடலூரிலிருந்து வந்திருந்தாள். மேளச் சத்தம், கூட்டம், இங்குமங்கும் ஓடும் பிள்ளைகள் என்று மணி காலையிலிருந்தே மிரண்டு போயிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் உருண்டுபோன பந்தை எடுக்கக் குழந்தை குனிந்தாள். மணி உறுமவில்லை, குரைக்கவில்லை. நேராகக் கையைக் கடித்துவிட்டது.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவினோம். மஞ்சள் வைக்கலாம் என்று ஒருவர், மிளகாய்த்தூள் வைக்கலாம் என்று இன்னொருவர். எதையும் வைக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்தி, தடுப்பூசியும் போட்டார்கள். கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள், எல்லாம் கையில்தான். தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிக்குப் பயந்து ஒளிந்த தலைமுறை நாங்கள். அந்த ஊசி ஒழிந்து 20 வருஷம் ஆகிறது. இன்னும் அதை நினைத்துப் பயந்து மருத்துவமனைக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்ததால்தான் நான் நிமிர்ந்து நிற்க முடிந்தது. இருந்தாலும் 10 நாள் அதைக் கண்காணிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து ராத்திரியும் நான் தூங்கவில்லை.

உறவினர்களில் சிலர், "வெள்ளாத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு" என்றீர்கள். கோபத்தில் சொன்னது, எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிக் கொண்டுபோய் விடுகிற நாய்தானே நாளைக்கு இன்னொரு ஊரின் தெருநாய்? கடிக்கிற நாய் என்று தெரிந்தே வேறு வீட்டுக் குழந்தைகள் பக்கம் அனுப்புவது என்ன நியாயம்?

கால்நடை மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "முன்னாடி உறுமுமா?" என்பதுதான். "உறுமும். அடிச்சு நிறுத்திட்டேன்" என்றேன். அவர் சொன்னார்: "டீச்சர், உறுமுறதுன்னா 'கிட்ட வராதே, எனக்குப் பயமா இருக்கு'ன்னு அது சொல்லுது. நீங்க பயத்தைப் போக்கல. சொல்லக் கூடாதுன்னு மட்டும் கத்துக் குடுத்திட்டீங்க."

மணி சத்தத்துக்கு உமிழ்நீர் சுரக்கும் பாவ்லோவின் நாயைப் பற்றி வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள் நான். ஒரு விஷயத்தோடு எது சேர்ந்து வருகிறதோ அதுதான் மனதில் ஒட்டும் என்பதுதான் பாடம். தட்டுப் பக்கம் ஆள் வந்தால் அடியும் கூடவே வரும் என்று மணிக்குக் கற்றுக்கொடுத்தது நானேதான்.

பிறகு மருத்துவர் சொன்னபடி தலைகீழாக ஆரம்பித்தோம். மணி சாப்பிடும்போது பத்தடி தள்ளி நடந்துபோவேன். போகிற போக்கில் அவித்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டில் போடுவேன், நிற்கமாட்டேன். அது உடம்பை விறைக்காமல் வாலாட்டிய பிறகே ஓர் அடி நெருங்குவேன். ஆள் வந்தால் நல்லது வரும் என்று புரிய அதற்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது என்னைப் பார்த்ததும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலாட்டுகிறது. ஆனாலும் பிள்ளைகள் வந்தால் தனி அறையில் கதவைச் சாத்தித்தான் சோறு வைக்கிறேன். ஏற்கெனவே கடித்த நாயாக இருந்தால் இதை நீங்களாக முயலாதீர்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

மற்றப் பழக்கங்களும் இப்படித்தான். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிஷம் போதும், காலையும் மாலையும். சொன்னதைச் செய்த அந்த நொடியே தின்பண்டம் கொடுக்க வேண்டும். அடுக்களைக்குப் போய் எடுத்து வருவதற்குள் எதற்குக் கொடுக்கிறோம் என்பது அதற்கு மறந்திருக்கும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நான் 'உட்கார்' என்றும் பேரன் 'சிட்' என்றும் சொன்னால் அது யார் பேச்சைக் கேட்கும்? கூப்பிட்டதும் ஓடிவந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் திட்டாதீர்கள், அடுத்த முறை வராது. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, பார்க்கிறவரை எல்லாம் குரைக்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருஷா வருஷம். 2024இல் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடி பட்டிருக்கிறார்கள், 43 பேர் வெறிநோயால் இறந்திருக்கிறார்கள். அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாத நோய் இது. கடித்தவுடன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

இனி நான் எழுதப்போவது என்னிடம் படித்தவர்களுக்கு. பிள்ளைகளை நாயோடு ஒப்பிடுகிறாளே என்று கோபிக்காதீர்கள். என் கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் அறிவியல் எடுத்த காலத்தில் என் மேசையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்று தலைமையாசிரியர் புகழ்வார். ஒரு பையன் பாடத்தின் நடுவில் எழுந்து, நான் சொன்னது புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றான். கவனிக்கவில்லை என்று நினைத்து இரண்டு போட்டேன். அந்த வருஷம் முழுக்க அவன் கை தூக்கவே இல்லை. அவன் மட்டுமல்ல, அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருமே சந்தேகம் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொன்னபோது, "இனி யார் அடங்குவார்கள்?" என்று ஆசிரியர் அறையில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அது தப்பு என்று எனக்குப் புரிய, ஒரு குழந்தையின் கையில் பல் பதிய வேண்டியிருந்தது.

தம்பி, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. இதைப் படித்தால், டீச்சர் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு உனக்குப் புரியாத பாடம் என்னவென்றும் எனக்கு நினைவில்லை. நினைவிருந்தால் கேள், இப்போது சொல்லித் தருகிறேன்.

கல்யாணத்தில் பார்த்த தம்பிக்கு: உன் நாய் உறுமினால் அடிக்காதே. இரண்டடி பின்னால் போ. அது எதற்குப் பயப்படுகிறது என்று பார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா, மணியைக் காட்டுகிறேன். வரும்போது அதன் தடுப்பூசி அட்டையையும் கொண்டுவா, பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்,
சிதம்பரம்