குடல்வால் நோயும் நுண்துளைச் சிகிச்சையும்

சில ஆண்டுகட்கு முன்னர், பல்கலைக்கழகத் தேர்வுக்கு நான்கு நாள்களே இருக்கையில், எம்முடன் விடுதியில் உறைந்த மாணவரொருவர் இரவு உணவை வேண்டாவென்று ஒதுக்கிப் படுக்கையிற் சாய்ந்தார். கொப்பூழைச் சுற்றி வலிக்கின்றது என்றார். அஜீரணமென்று கருதி ஒருவர் ஓமத்தண்ணீர் கொணர்ந்தார். மற்றொருவர் விளக்கெண்ணெய் பருகச் செய்தார். யாமும் எம் பங்கிற்கு வெந்நீர்ப்பையை அவர் வயிற்றின்மேல் வைத்து ஒத்தடமிட்டோம். வைகறையில் வலி வலப்பக்கத்து அடிவயிற்றுக்கு இறங்கிற்று. தேர்வை எண்ணி அவர் வாய் திறந்திலர். இரண்டாம் நாள் நண்பகலில் வலி திடீரெனக் குறையவே, தேறிவிட்டதாகச் சொல்லிப் புத்தகத்தை எடுத்தார், யாமும் மகிழ்ந்தோம். அன்றிரவே காய்ச்சல் ஏறி, வயிறு பலகைபோல் இறுகி, நினைவு தடுமாறும் நிலையில் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றோம். குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. உயிர் பிழைத்தார், ஆயினும் பல வாரங்கள் படுக்கையிற் கழிந்தன, படிப்பில் ஓராண்டும் வீணாயிற்று.

அவ்விரு நாள்களிலும் அவருக்குக் கேடு செய்தவர் பகைவரல்லர், அன்பரே. அறியாமையோடு கூடிய அன்பு எத்துணைத் தீங்கு இழைக்குமென்பதை அன்று கண்டோம். அக்குற்றத்தில் எமக்கும் பங்கு உண்டாதலின், அதனை முதற்கண் ஒப்புக்கொண்டே இந்நோயையும் அதற்கு இந்நாளில் நடைபெறும் நுண்துளைச் சிகிச்சையையும் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில், வலப்பக்கத்து அடிவயிற்றில், மண்புழுவைப்போல் தொங்கும் ஒரு சிறு குழல். அதன் நீளம் பெரும்பாலும் ஒரு விரலளவே. ஒருபுறம் திறந்தும் மறுபுறம் மூடியும் இருத்தலின், அதன் வாய் அடைபடின் உள்ளிருப்பது வெளியேற வழியில்லை. இறுகிய மலத்துணுக்கேனும், குழலின் சுவரிலுள்ள நிணத்திசுவின் வீக்கமேனும் அவ்வாயை அடைக்கலாம். அடைத்தவுடன் உள்ளே நீர் தேங்கி அழுத்தம் மிகுகின்றது, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, இரத்த ஓட்டம் தடைப்படுகின்றது, சுவர் அழுகி ஈற்றில் வெடிக்கின்றது. வெடிக்கும்போது அழுத்தம் நீங்குதலின் வலி சிறிது தணிவதுமுண்டு. எம் நண்பர் தேறிவிட்டதாக மகிழ்ந்த நேரம், அவர் நோய் முற்றிய நேரமே.

இந்நோயின் குறிகள் பலருக்கு ஒரே வரிசையில் தோன்றும். முதலில் கொப்பூழைச் சுற்றி மந்தமான வலி; பின்னர்ப் பசியின்மை, குமட்டல், வாந்தி; அதன்பின் வலி வலப்பக்கம் இறங்கி ஓரிடத்தில் நிலைத்தல்; உடன் சிறு காய்ச்சல். இருமினாலும் நடந்தாலும் அவ்விடம் வலிக்கும். ஆனால் சிறு குழந்தைகளிடத்தும், முதியோரிடத்தும், கருவுற்ற மகளிரிடத்தும் இவ்வொழுங்கு மாறுபடும். பத்து முதல் முப்பது வயதினரையே இது மிகுதியாகப் பற்றுகின்றது. எனவே கல்லூரி விடுதிகளில் இதனை அறியாதிருத்தல் தகாது.

நிற்க, இந்நோயை மனிதர் அறிந்துகொண்ட வரலாறு சுருக்கமாகவேனும் கூறத்தக்கது. 1735ஆம் ஆண்டில் இலண்டனில் கிளாடியஸ் அமியாண்டு என்னும் இரணவைத்தியர், பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனது குடலிறக்கத்தை அறுத்தபோது, ஊசியால் துளைபட்ட குடல்வாலை அதனுட் கண்டு நீக்கினார். பதிவு பெற்ற முதற் குடல்வால் நீக்கம் அதுவே. எனினும் ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1886இல், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்சு என்பவரே, வலப்பக்க அடிவயிற்றுச் சீழ்க்கட்டிகட்கு மூலம் குடல்வாலே என்று நிறுவி, நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயருமிட்டு, காலந்தாழாது அறுத்தல் வேண்டுமென வற்புறுத்தினார். மூன்றாண்டுகட்குப்பின் நியூயார்க்கு நகரத்துச் சார்லஸ் மக்பர்னி, விரல் வைத்தழுத்தின் வலிக்கும் இடத்தைக் குறித்துக் காட்டினார். அவ்விடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

அரசரும் இந்நோய்க்கு விலக்கல்லர். 1902ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் முடிசூட இருந்த ஏழாம் எட்வர்டு மன்னருக்கு அதற்கு இரு நாள் முன்னர்ச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பிரடெரிக் டிரீவ்ஸ் என்பார் சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தார். முடிசூட்டு விழா ஆகஸ்டு 9ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அந்த டிரீவ்ஸ் 1900ஆம் ஆண்டில் தம் மகளை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவர் இல்லத்திலும் இந்நோய் புகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நம் நாட்டிலோ, 1924ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் இரவு மறக்கற்பாலதன்று. எரவாடாச் சிறையிலிருந்த காந்தியடிகள் குடல்வால் நோயுற்றுப் பூனா நகரத்துச் சாஸூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். நம் தமிழ்நாட்டு வலங்கைமானிற் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் உடனிருக்க அழைக்கப்பட்டார். சிகிச்சைக்குத் தாம் உடன்படுவதாக அடிகள் கையெழுத்திட்டார். 1909இல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் ஆஸ்பத்திரிகளைக் கடுமையாகக் கண்டித்தவர் அவரே. தம்மைச் சிறையிட்ட அரசாங்கத்தின் மருத்துவராகிய கர்னல் மேடக் என்னும் ஆங்கிலேயரிடம் தம் உடலை ஒப்புவித்தவரும் அவரே. சிகிச்சையின் நடுவே மின்விளக்கு அணைந்தது; அரிக்கேன் விளக்கொளியில் அது முற்றுப்பெற்றது. கொள்கையில் மலைபோன்றவரும் தக்க பொழுதில் தக்க உதவியை ஏற்றார் என்பது, வயிற்றுவலியை மறைத்துவைக்கும் நம் போன்றோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அன்று விளக்கு வயிற்றுக்கு வெளியே நின்றது. இந்நாளில் விளக்கு வயிற்றினுள்ளேயே புகுகின்றது. நுண்துளைச் சிகிச்சையின் சாரம் இதுவே. சாவித்துளை போன்ற சிறு வாயில்களின் வழியே செய்யப்படுதலின் சாவித்துவாரச் சிகிச்சையென்றும், மருத்துவர் வழக்கில் லாப்ரோஸ்கோப்பி என்றும் இதனைக் கூறுவர். நோயாளிக்கு முழு மயக்கம் அளித்தபின், கொப்பூழையடுத்து ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளையிட்டு, அதன்வழியே கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துவர். ஒளியும் ஒளிப்படக் கருவியும் பொருந்திய மெல்லிய குழல் ஒன்று உள்ளே செல்ல, உறுப்புக்கள் பெரிதாகத் திரையிற் காணப்படும். வேறு இரண்டு சிறு துளைகளின் வழியே நீண்ட கருவிகளைச் செலுத்திக் குடல்வாலுக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்து, அடியைச் சுருக்கிட்டுக் கட்டி, அறுத்து, சிறு பையிலிட்டு வெளியே எடுப்பர்.

இம்முறையை முதன்முதற் குடல்வாலுக்குக் கையாண்டவர் இரணவைத்தியரல்லர். ஜெர்மனி நாட்டுக் கீல் நகரத்து மகளிர் மருத்துவராகிய குர்ட் செம் என்பவரே 1980ஆம் ஆண்டில் இதனைச் செய்தார். இரணவைத்தியர் பலர் அவரைக் கடிந்தனர். இது முறையன்று என்றனர். இன்றோ பல நாடுகளில் குடல்வால் நோய்க்கு இதுவே பெருவழக்காயிற்று. நம் நாட்டில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா 1990இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் இத்தகைய முறையாற் பித்தப்பையை நீக்கினார். அது ஏழைகள் நாடிவரும் அரசாங்க ஆஸ்பத்திரி என்பது கருதத்தக்கது. ஏனெனின், இதனைச் செல்வர்க்குரிய ஆடம்பரமென எண்ணுவோர் இன்றும் உளர்.

அவ்வெண்ணம் பிழை என்பது எம் கருத்து. சிறு காயத்தால் வலி குறைகின்றது. காயத்திற் சீழ்பிடித்தல் அருகுகின்றது. நோயாளி விரைவில் எழுந்து தொழிலுக்குத் திரும்புகின்றார். மாதச்சம்பளக்காரர் விடுப்பெடுத்துப் படுத்திருக்கலாம். மூட்டை தூக்குவோரும், நாற்று நடுவோரும் எத்தனை நாள் படுத்திருப்பர்? விரைவில் எழுதல் எவருக்கு இன்றியமையாததோ அவருக்கே இச்சிகிச்சை முதலில் உரியது. ஆதலின் இதற்குரிய கருவிகளும், பயின்ற கைகளும், மயக்கமருந்து கொடுக்கவல்ல மருத்துவரும் வட்டாரத்து அரசாங்க ஆஸ்பத்திரிகள்தோறும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். நள்ளிரவில் வரும் நோயாளியை நாற்பது கல் தொலைவிலுள்ள நகருக்கு அனுப்பிவிட்டு, நம் நாடு மருத்துவத்தில் முன்னேறிவிட்டதெனப் பெருமை பேசுதல் நகைப்புக்கிடமாம்.

எனினும் மறுபக்கத்தையும் கூறாதொழிதல் நடுவுநிலைமையன்று. இம்முறையில் கருவிச்செலவு மிகுதி. வல்லுநரல்லார் கையில் நேரமும் மிகுதி. உள்ளே கட்டுக்கடங்காது குருதி பெருகினும், உறுப்புக்கள் ஒட்டிக்கொண்டு தெளிவாகத் தெரியாவிடினும், மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்தலே நன்று. அங்ஙனம் திறத்தல் தோல்வியன்று; அறிவுடைமையேயாம். விளம்பரங்களைக் கண்டு, தழும்பு தெரியுமா என்பதனையே முதல் வினாவாகக் கேட்கும் வழக்கம் நம்மிடையே பரவிவருகின்றது. ஊரிலுள்ள ஆஸ்பத்திரியில் நுண்துளை வசதி இல்லையென்று கேட்டு, வெடிக்கும் நிலையிலுள்ள நோயாளியை வேறூருக்கு ஏற்றிச்செல்வது பேதைமை. காலத்திற் செய்த பெரிய காயம், காலங்கடந்து செய்த சிறிய துளையினும் மேலானது.

அறுக்காமலே மருந்தால் தீராதோ எனச் சிலர் வினவலாம். இது வெறும் வினாவன்று, ஆராய்ச்சிக்குரியதே. பின்லாந்து நாட்டில் சிக்கலற்ற குடல்வால் நோயாளிகள் 530 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆராய்ச்சியில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 27 பேர்க்கு ஓராண்டுக்குள் சிகிச்சை வேண்டியதாயிற்று. ஐந்தாண்டு முடிவில் அத்தொகை நூற்றுக்கு 39 ஆயிற்று. அமெரிக்க நாட்டில் 1,552 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆராய்ச்சியில், மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 29 பேர்க்குத் தொண்ணூறு நாளுக்குள்ளேயே குடல்வாலை நீக்க நேர்ந்தது. ஆகவே மருந்தாற் பலர் தப்பலாம் என்பதும் உண்மை. பலர் திரும்பிவர நேரும் என்பதும் உண்மை. ஆனால் எவர்க்கு மருந்து போதும் என்பதனை, நோயாளியைத் தொட்டுப் பார்த்து, இரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்துக் கண்ட மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். மருந்துக்கடைக்காரரிடம் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவோர்க்கு இவ்வாராய்ச்சிகள் துணைநில்லா.

முடிவாக எம் தோழர்க்குச் சில சொல்ல விழைகின்றோம். வயிற்றுவலி வந்து சில மணிநேரத்துள் தணியாது வலப்பக்கம் இறங்குமாயின், விளக்கெண்ணெயும் பேதிமருந்தும் கொடாதீர், வெந்நீர் ஒத்தடம் இடாதீர், உணவு கொடாதீர், உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலி திடீரென நின்றதாயின் மகிழாதீர். அப்பொழுதே மிக விரைந்து செல்லுங்கள். விடுதித் தலைவர்களும், பக்கத்து அறையின் மாணவன் உண்ண வாராததைக் கண்டால் காரணம் வினவுதலைத் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும். தேர்வு அடுத்த பருவத்தில் மீண்டும் வரும். உயிர் அங்ஙனம் மீண்டு வருவதன்று.

எம் நண்பர் மறுவாண்டு அத்தேர்வை எழுதித் தேறினார். அவர் வயிற்றில் ஒரு சாண் நீளத் தழும்பு இன்றும் உளது. முதல் நாள் இரவே சென்றிருப்பின் மூன்று சிறு புள்ளிகளோடு போயிருக்கும் என்று மருத்துவர் அந்நாளிற் கூறினர். அவர் அத்தழும்பைப்பற்றி எம்மை ஒருபோதும் குறைகூறியதில்லை. ஆயினும் அதனைக் காணுந்தோறும் அன்று யாம் அவர் வயிற்றின்மேல் வைத்த வெந்நீர்ப்பை எம் நினைவிற்கு வருகின்றது. இவ்வெழுத்தைப் படிப்போருள் ஒருவரேனும் அத்தகைய நினைவிலிருந்து தப்புவாராயின், யாம் எழுதியது வீணாகாது.