ஆய்வாளர் வராத நாட்கள்



நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு சிறு கடையேனும் இருக்கும். கணவர் அயல்நாட்டில் உழைக்க, வீட்டின் முன்னறையையே கடையாக்கி நடத்தும் சகோதரிகளும் நம்மிடையே உண்டு. பால், ரொட்டி, முட்டை, குழந்தைகளுக்கான தின்பண்டம், மாலையில் சமோசா என்று அக்கம்பக்கத்து அடுப்படிகள் அந்தக் கடைகளை நம்பியே இயங்குகின்றன. ஆதலின் உணவுப் பாதுகாப்பு குறித்து இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்திற்கு மாற்றாக, 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டது. அது 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பொருள் விற்கும் கடை எத்துணைச் சிறிதாயினும் பதிவுச் சான்றோ உரிமமோ பெற வேண்டும். அதனை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டி வைக்கவும் வேண்டும். சான்றைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அலுவலர் வரும்போது தேடி எடுப்பவர் பலர்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார் என்ற செய்தி கடைத்தெருவில் பரவியதும் என்ன நடக்கிறது? அவசர அவசரமாகத் தரை கூட்டப்படுகிறது. காலாவதியான பொட்டலங்கள் பின்னறைக்குப் போகின்றன. அவர் சென்றதும் எல்லாம் பழைய இடத்திற்கே திரும்புகின்றன. அலுவலர் ஆண்டில் ஓரிரு நாட்கள் வரலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையோ காசை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நாள்தோறும் வருகிறது. காலாவதித் தேதியைப் படிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைக்காகக் கடைக்காரர்தாம் படித்துப் பார்க்க வேண்டும்.

இரவில் மின்கட்டணத்தை மிச்சப்படுத்தக் குளிர்ப்பெட்டியை நிறுத்திவிடும் பழக்கம் சில கடைகளில் உள்ளது. இது பெருந்தீங்கு. நோய்க்கிருமிகள் தழைப்பதற்கு ஏற்றது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம். தக்க சூழல் வாய்த்தால் சில கிருமிகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அக்கணக்கின்படி ஒரே கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். காலையில் மீண்டும் குளிரூட்டுவதால் அவை மடிவதில்லை. பெருக்கம் மட்டுமே தடைப்படும். உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறையவைத்து விற்பதும் இத்தகையதே. உறைபொருட்களுக்கு மைனஸ் 18 டிகிரி தேவை. மின்தடையின்போது பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் தங்கும்.

இறைச்சி வாங்கும்போது முறையாக அறுக்கப்பட்டதா என்று நாம் தவறாமல் விசாரிக்கிறோம். அது எத்தனை மணி நேரம் வெயிலில் தொங்கியது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? நோன்புக் காலத்தில் பிற்பகலிலேயே பொரித்துக் குவிக்கப்படும் இறைச்சி சமோசாவுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். சூடாக விற்பதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அதனைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதும் கூடாது. அச்சு மையிலுள்ள நச்சுப் பொருட்கள் எண்ணெயோடு உணவில் கலக்கும் என்பதால், 2018-ஆம் ஆண்டின் விதிகள் இதனைத் தடை செய்துள்ளன.

இவற்றையெல்லாம் கற்பிப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 முதல் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. சில மணி நேரம் ஒதுக்கினால் போதும். கைகழுவும் முறை, பச்சை இறைச்சியையும் சமைத்த உணவையும் பிரித்து வைத்தல், பினாயில், எலி மருந்து போன்றவற்றை உணவுப் பொருட்களுக்கு அருகே வைக்காதிருத்தல், முதலில் வந்த சரக்கை முதலில் விற்றல் ஆகியவை யாருக்கும் விளங்கக்கூடிய பாடங்களே. முதலாளி மட்டும் கற்றால் போதாது. கல்லாவில் உட்காரும் மகனும், பொட்டலம் கட்டும் பணியாளரும் அறிந்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவரை அன்று உணவைத் தொடவிடலாகாது.

அலுவலரைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. சட்டம் வணிகருக்கும் உரிமைகளை வழங்கியுள்ளது. மாதிரி எடுத்தால் அலுவலர் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரி நான்கு பகுதிகளாக்கப்பட்டு முத்திரையிடப்படும். அதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்புமாறு கடைக்காரர் கோரலாம். பகுப்பாய்வு முடிவு தமக்குப் பாதகமானால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். குறைகளைத் திருத்துமாறு அறிவிப்பு வந்தால், குறைந்தது 14 நாட்கள் அவகாசம் உண்டு. காரணமின்றித் தொல்லை தரும் அலுவலருக்கு அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுள்ளது.

ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது: சரக்கு வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டையே விற்றவர் அளித்த எழுத்துப்பூர்வமான உத்தரவாதமாகச் சட்டம் கருதுகிறது. பொருளில் கலப்படம் தெரியவந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதை அச்சீட்டே காட்டும். ஐந்து ரூபாய் மலிவு என்று சீட்டில்லாமல் வாங்கியவர் தனியே நின்று பதில் சொல்ல நேரிடும். சுகாதாரமற்ற முறையில் உணவைத் தயாரித்தாலோ கையாண்டாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். சிறு கடைக்கு அது முதலையே விழுங்கும் தொகை.

இல்லத்தரசியரே! உங்களுக்கும் பங்குண்டு. தேதியைப் பாருங்கள், உப்பிய பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள், சான்று எங்கே என்று கனிவாகக் கேளுங்கள். தெரிந்த கடை என்ற கூச்சம் வேண்டாம். நேர்மையான கடைக்காரர் அதனால் வருந்தமாட்டார்.

கடை நடத்துவோரே! இன்றிரவு கதவடைக்கும் முன் ஒரு தட்டையேனும் முழுதாகச் சரிபாருங்கள். நாளை அடுத்த தட்டு. ஒரு வாரத்தில் கடை முழுவதும் சீராகிவிடும். அதன்பின் அலுவலர் எந்நாளில் வந்தாலும் உங்களுக்கு அது வழக்கமான நாளாகவே இருக்கும்.